கலகெதரவில் உச்சச் சூரியன்

ஏப்ரல் பிறந்தால் இலங்கை வானொலிச் செய்தியில் ஓர் அறிவித்தல் தவறாமல் வரும். சூரியனின் வடதிசை நோக்கிய இயக்கத்தால் 5ஆம் திகதி முதல் 15ஆம் திகதி வரை அது நாட்டின் அகலக்கோடுகளுக்கு நேராக உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும். அன்றன்று எந்த ஊர்களுக்கு மேல், எத்தனை மணிக்கு என்ற விவரமும் கூடவே வரும். தெற்கே தொடங்கி நாளுக்குச் சில ஊர்களாக வடக்கே ஏறிப்போகும் அந்தப் பட்டியலை, வெயிலை நினைத்துச் சலித்துக்கொண்டு கேட்பவர்களே அதிகம். கண்டியில் இருவர் அதைக் காத்திருந்து கேட்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர். மற்றவர் அவரிடம் படித்து, இப்போது நகரத்தில் கமரா திருத்தும் இளைஞர். பட்டியல் கண்டியின் அகலக்கோட்டை நெருங்கும் நாட்களில் தொலைநோக்கியை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் கலகெதரவுக்குப் புறப்படுகிறார்கள்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைத் தாண்டினால் குருநாகல் வீதி. அதிகாலையில் ஆற்றின் மேல் பனிமூட்டம் கிடக்கும். கண்டி நகரம் மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருப்பதால், அந்த மூட்டம் கலைந்து சூரியன் தெளிவாகத் தெரியும்போது பேருந்துகளின் புகையும் தார் வீதியின் சூடும் சேர்ந்து எழும்பிவிடும். வீதி மேற்கே போகப்போக நிலம் சரிகிறது. மலைநாடு முடிந்து குருநாகல் சமவெளிக்கு இறங்கும் விளிம்பில் கலகெதர இருக்கிறது. கண்டி இராச்சியத்துக்கு இது ஒரு மேற்கு வாசல். 1803இல் கண்டிமேல் படையெடுத்த ஆங்கிலேயர் இங்கிருந்த அரணைப் பிடித்துத்தான் மேலே ஏறினார்கள். அரசர் காலத்தில் பொதிமாடுகளை நடத்திய திணைக்களத்துக்கு மடிகே என்று பெயர். அதில் பணிசெய்த முஸ்லிம்களின் வழிவந்தோர் வாழும் ஊர் இன்றும் மடிகே என்ற பெயருடனேயே பக்கத்தில் இருக்கிறது. அங்கே வீட்டுப் பேச்சு தமிழ்.

புத்தாண்டுக்கு முந்திய வாரம் அது. வேலியோரத்தில் முள்முருக்கு பூத்திருந்தது. குயில் விடாமல் கூவியது. சிங்கள அயலவர் வீடுகளிலிருந்து கொண்டைப் பணியாரம் பொரியும் எண்ணெய் மணம் வந்தது. சூரியன் மேட ராசிக்குள் நுழையும் கணத்தைக் கொண்டாட நாடே ஆயத்தமாகிக்கொண்டிருந்த அந்த நாட்களில், சூரியனின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க என்று ஒரு வான் வண்டி வந்து நின்றது ஊருக்குப் புதினமாகத்தான் இருந்தது.

தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் இடம் கேட்டிருந்தார்கள். மிளகு, கராம்பு, கமுகு, பலா என்று ஒன்றின் நிழலில் ஒன்று வளரும் கண்டித் தோட்டம். வீட்டின் முன்னே மிளகு காயவைக்கும் சீமெந்துத் தளம் மட்டமாக இருந்தது.

“இதுல வைங்க சேர், ஆடாம நிக்கும்” என்றார் வீட்டுக்காரர்.

“வேணாம் நானா. எட்டரைக்கெல்லாம் இது சுட்டுரும்” என்று இளைஞர் பின்பக்கப் புல்தரையைக் காட்டினார்.

சூரியனை உயர் உருப்பெருக்கத்தில் படமெடுப்பவரின் முதல் கவலை இதுதான். வெளிச்சத்துக்கு அங்கே பஞ்சமில்லை, கெடுப்பது காற்று. வெயில் பட்ட தரையிலிருந்து சூடான காற்று குமிழ்குமிழாக மேலெழும். அது ஒளிக்கதிரை ஒவ்வொரு கணமும் வெவ்வேறாக வளைக்கும். இரவில் நட்சத்திரம் மினுக்குவதும் இதனால்தான். பகலில் இதே கலக்கம் பல மடங்கு மோசம். வானியல் ஆர்வலர்கள் இதற்குச் சீயிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சீயிங் நன்றா இல்லையா என்பதுதான் அவர்கள் காலையில் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி. புல்லும் மரமும் தண்ணீரும் மெதுவாகச் சூடேறும். சீமெந்து, தார், தகரக் கூரை எல்லாம் எதிரி. ராஜஸ்தானின் உதய்ப்பூரில் அரவிந்த் பட்நாகர் 1970களில் சூரிய அவதான நிலையம் அமைத்தபோது, ஃபதே சாகர் ஏரியின் நடுவே ஒரு தீவைத் தேர்ந்தெடுத்தார். கலிபோர்னியாவின் பிக் பேர் அவதான நிலையமும் ஏரிக்குள்தான் நிற்கிறது. நான்கு புறமும் தண்ணீர் இருந்தால் பகல் முழுக்கக் காற்று அடங்கியிருக்கும்.

கலகெதரவில் ஏரி இல்லை. ஆனால் அந்த ஊருக்கு வேறொரு வசதி இருக்கிறது. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி மிகத் தடித்த காற்றைக் கடந்து வருகிறது, படம் கெடும். உயர ஏறக் காத்திருந்தால் தரை சூடாகிவிடும். உயர்ந்த சூரியன், குளிர்ந்த தரை என்று இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடைவெளி ஐரோப்பாவில் மிகக் குறுகியது. லண்டனில் மார்கழி நடுப்பகலில் சூரியன் 15 பாகை அளவுக்குத்தான் ஏறும். நடுக்கோடையில்கூட உதயத்திலிருந்து 30 பாகை உயரத்தைத் தொட மூன்றரை மணிநேரம் எடுக்கும். 7 பாகை வட அகலக்கோட்டைச் சற்றே தாண்டி இருக்கும் கலகெதரவில், ஏப்ரலில், சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகிறது. மணிக்கு 15 பாகை. ஆறு மணிக்கு உதித்தால் எட்டு மணிக்கு 30 பாகை. அந்நேரம் புல்லில் பனி இன்னும் காய்ந்திராது. ஊர் மேற்குச் சரிவில் இருப்பதால் கிழக்கு மலை வெயிலைச் சிறிது நேரம் தடுத்தும் வைக்கிறது. மாரிக்கும் மாரிக்கும் இடைப்பட்ட மாதம் என்பதால் இடியும் மழையும் பிற்பகலுக்குத்தான் வரும். காலை பெரும்பாலும் தெளிவு. பெரிய அவதான நிலையம் எதுவும் இல்லாத இந்த மலைச்சரிவுக்குப் பூமியே கொடுத்த பேறு அது. அதை இலங்கையில் யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை என்பது ஆசிரியரின் நெடுநாள் ஆதங்கம்.

நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் ஒரு தொல்லையும் உண்டு. தொலைநோக்கியைத் தாங்கி வானைப் பின்தொடரும் மவுண்டின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாகத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கலகெதரவிலிருந்து பார்த்தால் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு 7 பாகை உயரத்தில்தான் இருக்கும். வடக்கே ஒரு தென்னை நின்றாலே மறைந்துவிடும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் என்று செய்யப்பட்ட மவுண்டுகள் பல அவ்வளவு கீழே சாய்வதில்லை.

“சேர், இதுக்குமேல இறங்குதில்ல.”

“வடக்குக் காலைக் குறுக்கு தம்பி. தெற்குக் கால் ரெண்டுக்கும் பலகை வை.”

பலாப்பலகைத் துண்டு இரண்டை வீட்டுக்காரர் கொண்டுவந்தார். திசைகாட்டியை வைத்து வடக்கைப் பிடித்து, சூரியன் திரையில் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தினார்கள். இலங்கையில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இந்தக் கைவேலையைப் பழகித்தான் ஆகவேண்டும்.

அடுத்தது கண். இந்த இடத்தில் ஆசிரியரின் குரல் வகுப்பறைக் குரலாக மாறியது. சுற்றி நின்ற பிள்ளைகளை இரண்டு எட்டு பின்னே நிறுத்திவிட்டுத்தான் தொலைநோக்கியின் மூடியைக் கழற்றினார். தொலைநோக்கியால் குவிக்கப்பட்ட வெயில் ஒரு கணத்தில் விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை. பார்வை போன பிறகுதான் தெரியவரும். எனவே வடிகட்டி தொலைநோக்கியின் வாயிலேயே இருக்க வேண்டும். சூரிய ஒளியில் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் பிரத்தியேகத் தாள் அதற்கென்றே கிடைக்கிறது. கண் வைக்கும் வில்லையில் திருகும் பழைய கறுப்புக் கண்ணாடிகள் சூட்டில் வெடிக்கும்; அவற்றை யாரும் எக்காரணத்துக்காகவும் தொடக்கூடாது. கலகெதரவுக்கு வந்தவர்கள் கொண்டுவந்தது வாய் வடிகட்டிக்கு மாற்றான ஹெர்ஷல் வெட்ஜ். ஆப்பு வடிவக் கண்ணாடி ஒன்றின் முகப்பில் ஒளி பட்டு, 5 சதவீதத்துக்கும் குறைவானதே திரும்பி வரும். மீதி பின்னால் கழிந்துபோகும். திரும்பி வந்த ஒளிகூடக் கண்ணுக்கு அதிகம், ஆகவே அதன் பின்னே மேலும் வடிகட்டிகள். ஒளிவிலகல் தொலைநோக்கிக்கு மட்டுமே இது பொருந்தும். பக்கத்தில் இருந்த சிறிய தேடுநோக்கியையும் மறக்காமல் மூடினார்கள். விபத்துகள் பல நடப்பது அந்தச் சின்னக் குழாயால்தான்.

எட்டு மணிக்குச் சற்று முன்னர் மடிக்கணினித் திரையில் சூரியன் வந்தது.

முழு வட்டமாக அல்ல. 100 மில்லிமீற்றர் தொலைநோக்கியின் குவியத் தூரத்தைப் பார்லோ லென்ஸ் வைத்து 2,000 மில்லிமீற்றர் அளவுக்கு நீட்டியிருந்தார்கள். அப்போது சூரியனின் பிம்பம் 18 மில்லிமீற்றருக்கு மேல் அகன்றுவிடும். கமராவின் சின்னச் சில்லுக்குள் அதன் ஒரு மூலைதான் அடங்கும். அந்த மூலையில் ஒரு கரும்புள்ளிக் கூட்டம். நடுவே கரிய கருநிழல், சுற்றிலும் கதிர்கதிராக நாருரித்ததுபோல அரைநிழல். புள்ளி கறுப்பாகத் தெரிவது பக்கத்துப் பரப்பைவிட அது குளிர்ந்திருப்பதால். சூழ ஏறக்குறைய 5,500 பாகை செல்சியஸ் என்றால் கருநிழலுக்குள் 4,000க்கும் கீழ். வலுவான காந்தப்புலம் அடியிலிருந்து வரும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதே காரணம்.

புள்ளிக்கு அப்பால் வெறும் வெள்ளை என்று முதலில் தோன்றிய பரப்பு, சீயிங் ஒரு கணம் நிதானித்தபோது, குருணை குருணையாகப் பிளந்தது. பிள்ளைகள் சத்தமிட்டார்கள். மறுகணம் எல்லாம் கலங்கியது. பிறகு மீண்டும் தெளிந்தது.

அந்தக் குருணைகளின் அளவைத்தான் ஆசிரியர் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினார். ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு வில்விநாடி. வானில் சூரியனின் அகலம் ஏறக்குறைய 1,920 வில்விநாடி. சூரியன் 13,91,000 கிலோமீற்றர் அகலமானது என்பதால், அங்கே ஒரு வில்விநாடி 725 கிலோமீற்றருக்குச் சமம். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இலங்கையின் முழு நீளமே 432 கிலோமீற்றர்தான். குருணை ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,500 கிலோமீற்றர். இரண்டு மூன்று இலங்கைகளை நீளவாக்கில் அடுக்கினால் ஒரு குருணை. அடியிலிருந்து சூடான வாயு நடுவில் எழும்பி, ஓரத்தில் குளிர்ந்து அமிழ்கிறது. ஏறக்குறையப் பத்து நிமிடத்தில் பழையது கரைந்து புதியது வந்துவிடும். பிள்ளைகள் கத்தி முடிப்பதற்குள் அவர்கள் பார்த்த சூரியன் மாறிப்போயிருக்கும்.

100 மில்லிமீற்றர் வில்லை பிரித்துக் காட்டக்கூடியது ஒரு வில்விநாடியைச் சற்றுத் தாண்டிய நுணுக்கம். அதாவது குருணையைப் பார்க்கக் கருவி போதும், ஆனால் மட்டுமட்டாக. காற்று அனுமதிக்கும் கணங்களில் மட்டும். அந்தக் கணங்களைப் பிடிப்பதற்குத்தான் விநாடிக்கு நூறுக்குமேல் படமெடுக்கும் கமரா. ஆயிரக்கணக்கான படங்களைப் பதிந்து, அவற்றில் மிகத் தெளிவான சிலவற்றை மென்பொருளால் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சராசரி எடுப்பார்கள். ஒல்லாந்தரான எமில் க்ராய்காம்ப் எழுதி இலவசமாகக் கொடுத்த ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருள் இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பேர்பெற்றது. ஒரு பதிவு ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சூரியப் பரப்பே மாறிப் படத்தை மங்கலாக்கிவிடும்.

குறுகிய நேரத்தில் பிடித்தால் காற்றின் கலக்கத்தை வெல்லலாம் என்ற அறிவு புதிதல்ல. பிரெஞ்சுக்காரரான பியேர் ஜான்சென் 1870களில் பாரிஸுக்கு அருகே மெயுதோனில், விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் சூரியனைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து, குருணைகளை முதன்முதலாகத் தெளிவாகக் காட்டினார். தமிழ்நாட்டுக்கு அவர் அந்நியரல்ல. 1868 கிரகணத்துக்கு ஆந்திரத்தின் குண்டூருக்கும், 1871 கிரகணத்துக்கு நீலகிரிக்கும் கருவிகளைச் சுமந்துகொண்டு வந்தவர்.

ஒன்பதரை மணிக்குச் சீயிங் போய்விட்டது. திரையில் சூரியனின் விளிம்பு கொதித்தது. வீட்டுக்கார அம்மா பிளேன் டீயும் கித்துல் கருப்பட்டியும் அனுப்பினார். இளைஞர் அப்போது பையிலிருந்து இன்னொரு கருவியை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. முப்பரிமாண அச்சில் செய்தது. சோலெக்ஸ் என்று பெயர். வடிவமைத்தவர் கிறிஸ்தியன் புயில் என்ற பிரெஞ்சுக்காரர். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வரைபடங்களைப் பொதுவில் வைத்துவிட்டார்.

வெண்ணொளியில் தெரிவது சூரியனின் ஒளிமண்டலம் மட்டுமே. அதன் மேலே இருக்கும் நிறமண்டலத்தையும், விளிம்பில் எழும் சுவாலைகளையும், முகத்தின் குறுக்கே ஓடும் கரிய இழைகளையும் காண, ஹைட்ரஜன் அல்ஃபா என்னும் ஒரே சிவப்பு நிறத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். 656.28 நானோமீற்றர், அதில் பத்தில் ஒரு நானோமீற்றர்கூட விலகாத மெல்லிய கீற்று. எட்டலோன் என்னும் வடிகட்டி வைத்த சூரியத் தொலைநோக்கிகள் அதைச் செய்யும். விலை சாதாரணச் சம்பளக்காரரின் கைக்கு எட்டாது. சோலெக்ஸ் வேறு வழியில் போகிறது. ஒரு மெல்லிய பிளவின் வழியாகச் சூரியனின் ஒரு கீற்றை மட்டும் உள்ளே விட்டு, மில்லிமீற்றருக்கு 2,400 கோடுகள் கீறிய தகட்டால் அதை நிறமாலையாக விரிக்கிறது. சூரியன் பிளவைக் கடந்து நகர நகர நிறமாலை பதிவாகிறது. பிறகு கணினி வேண்டிய நிறத்தை மட்டும் கீற்றுக் கீற்றாக ஒட்டி முழுச் சூரியனைத் தருகிறது.

“இது கொடைக்கானல்ல நூறு வருசத்துக்கு முந்தி செஞ்சது தம்பி. அங்க ஒரு அறை வேணும். உனக்குப் பை போதும்” என்றார் ஆசிரியர்.

உண்மைதான். அமெரிக்காவில் ஜார்ஜ் எல்லரி ஹேலும் பிரான்சில் ஆன்றி டெலாந்திரும் 1890களில் உருவாக்கிய அதே முறை இது. பழனி மலையில் 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய அவதான நிலையம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதில் இறங்கிவிட்டது. அங்கே நாள்தோறும் எடுத்துச் சேர்த்த சூரியப் படங்களை இந்திய வான்பௌதிக நிறுவனம் இலக்கமயமாக்கி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே இடத்திலிருந்து சூரியனைப் பார்த்துவந்த இத்தகைய தொகுப்புகள் உலகில் மிகச் சிலவே.

அந்த நிலையம் ஏன் பிறந்தது என்பதைக் கண்டி மலைகளில் இருந்துகொண்டு நினைப்பதற்கு ஒரு கனம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பெரும் பஞ்சத்துக்குப் பின்னர், பருவமழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய சூரியனை முறையாக ஆராய வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அது கொடைக்கானலில் போய் முடிந்தது. அதே பஞ்சம்தான் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களைக் கடல் தாண்ட வைத்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மாத்தளை வழியாகக் கண்டியின் கோப்பித் தோட்டங்களுக்கு ஏறியவர்கள் அவர்கள். வழியிலேயே மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. இன்று இந்த மலைகளில் தமிழ் பேசும் பலரின் முப்பாட்டன்களை இங்கே தள்ளிவிட்ட அதே வறட்சி, பழனி மலையில் ஒரு தொலைநோக்கியை நிறுத்தியது. மலையகப் பிள்ளை ஒன்று சூரியப் புள்ளியைப் பார்க்கும்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கொடைக்கானலின் பெயரை உலகறியச் செய்தவர் ஜோன் எவர்ஷெட். 1909 ஜனவரியில், கரும்புள்ளியின் அரைநிழலில் வாயு நடுவிலிருந்து வெளியே ஓடுவதை நிறமாலைக் கோடுகளின் நகர்வால் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் பாடநூலில் அது அவர் பெயரால்தான் இருக்கிறது. 1907இல் கொடைக்கானலுக்கு வரும்வரை அவர் தொழில்முறை வானியலாளர் அல்லர். இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டில் தானே கருவி செய்து, ஓய்வு நேரத்தில் சூரியனைப் பார்த்தவர். அவர் மனைவி மேரியும் வானியல் எழுதியவர். நல்ல சீயிங்கைத் தேடிப் பிற்காலத்தில் காஷ்மீர் வரை கருவிகளைக் கொண்டுபோனார் எவர்ஷெட். வண்டியில் பலகையும் முக்காலியும் ஏற்றிக்கொண்டு கலகெதரவுக்கு வருபவர்கள் செய்வதும் அதே தேடல்தான்.

சூரிய ஆராய்ச்சியின் பெரிய வாசல்களில் பலவற்றைத் திறந்தவர்கள் இப்படிப்பட்டவர்களே. சூரியப் புள்ளிகள் ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை 1843இல் சொன்ன சாமுவேல் ஷ்வாபே, ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகர மருந்துக்கடைக்காரர். பதினேழு ஆண்டுகள் வானம் விட்ட நாட்களெல்லாம் சூரியனை வரைந்தவர். 1859 செப்டம்பர் 1 அன்று சூரியச் சுடர்வெடிப்பை முதன்முதல் கண்ட ரிச்சர்ட் கேரிங்டனும் ரிச்சர்ட் ஹொட்ஜ்சனும் சம்பளம் வாங்கிய வானியலாளர்கள் அல்லர். நம் காலத்திலும் உண்டு. கொல்கத்தாவின் சௌம்யதீப் முகர்ஜி 2020 டிசம்பர் 25 முதல் 2021 டிசம்பர் 31 வரை, ஆறு நாட்கள் தவிர, ஒவ்வொரு நாளும் சூரியனைப் படமெடுத்தார். அத்தனை படங்களையும் ஒன்றாக்கியபோது, சூரியனின் நடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் புள்ளிகள் இரண்டு பட்டைகளாக ஓடுவது ஒரே பார்வையில் தெரிந்தது. கிரீனிச் அவதான நிலையம் நடத்தும் வானியல் புகைப்படப் போட்டியில் 2022இல் சூரியப் பிரிவின் முதல் பரிசு அதற்குத்தான்.

இலங்கைக்கும் அப்படி ஒருவர் இருந்தார். கொழும்பில் 1867இல் பிறந்த பேர்சி மோல்ஸ்வேர்த், ஆங்கிலப் படையின் பொறியியல் அதிகாரி. திருகோணமலையில் பணிசெய்தபோது சொந்தத் தொலைநோக்கியில் வியாழனையும் செவ்வாயையும் இரவிரவாகப் பார்த்து வரைந்தார். 1901இல் வியாழனின் தென் வெப்பவலயக் குழப்பத்தைக் கண்டுபிடித்தார். 1908இல் திருகோணமலையிலேயே இறந்தார். செவ்வாயில் அவர் பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தத் தீவின் காற்று உயர் உருப்பெருக்கத்தைத் தாங்கும் என்பதற்கு அவர் குறிப்பேடுகளே சாட்சி. ஆனாலும் இலங்கைப் பாடசாலைகளில் அவர் பெயரை அறிந்த பிள்ளை அரிது.

கிரகணம் வந்தால் மட்டும் நிலைமை மாறும். 1871 டிசம்பரில் முழுக் கிரகணம் பார்க்க யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் ஆங்கில அறிஞர்கள் முகாமிட்டார்கள். 1955 ஜூன் 20 முழுக் கிரகணத்துக்கு வெளிநாட்டுக் குழுக்கள் பல வந்தன. 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 ஆகிய இரண்டு கங்கண கிரகணங்களுக்கும் வடக்கே மக்கள் திரண்டார்கள். மறுநாள் சூரியனைத் திரும்பிப் பார்ப்பவர் இல்லை. 2024 மே மாதம் பூமியின் விட்டத்தைப்போல் ஏறத்தாழப் பதினைந்து மடங்கு நீண்ட ஒரு புள்ளிக்கூட்டம் சூரியனில் நின்றது. கிரகணக் கண்ணாடி போட்டாலே தெரிந்தது. அதிலிருந்து கிளம்பிய புயலால் லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது. அந்த வாரம் கண்ணாடியை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பன்னிரண்டு மணி தாண்டிப் பத்து நிமிட அளவில் சூரியன் கலகெதரவின் உச்சிக்கு வந்தது. படமெடுக்க அது உதவாத நேரம். தொலைநோக்கி நேர் மேலே பார்க்க வேண்டும், முக்காலியில் கமரா இடிக்கும், காற்றோ முழுக்கக் கலங்கியிருக்கும். ஆயினும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்துச் சீமெந்தில் நிறுத்திய இரும்புக் குழாயின் நிழல் சுருங்கிச் சுருங்கி அடிக்குள் மறைந்ததைப் பிள்ளைகள் குந்தியிருந்து பார்த்தார்கள். காலையில் வேண்டாம் என்று ஒதுக்கிய தளம் இதற்குப் பொருத்தமாக அமைந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் சூரியன் தெற்கே திரும்பும்போது இதே காட்சி இன்னொருமுறை வரும். இரண்டு மணிக்கு மேற்கில் முகில் கறுத்தது. கருவிகள் வண்டிக்குள் போனதும் முதல் இடி.

படங்களைச் செப்பனிடும் வேலை அன்றிரவு கண்டியில் நடந்தது. ஒரு பதிவில் 5,000 படங்கள் இருந்தால் 500ஐ வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவார்கள். அடுக்கிய படம் முதலில் மங்கலாகத்தான் இருக்கும். பிறகு கூராக்க வேண்டும். பல சூரியப் படங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். கூராக்கியை அளவுக்கு மீறித் திருகினால் குருணைகளைச் சுற்றிப் பொய் விளிம்புகள் தோன்றும்; இல்லாத நார்கள் முளைக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் கமரா பார்க்காததையும் வரைந்து சேர்த்துவிடுகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது சூரியனின் படம் அல்ல. ஆசிரியர் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. அதே மணிநேரத்தில் விண்கலம் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து, அதில் இல்லாத எதுவும் தம் படத்தில் இருந்தால் திருகியதைப் பின்னே திருப்பச் சொல்கிறார். நாசாவின் எஸ்டிஓ விண்கலப் படங்கள் நாள்தோறும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்1 விண்கலமும் சூரியனை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது; அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்தவர்.

விண்கலங்கள் இருக்க, மலைச்சரிவில் முக்காலி எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் பிரஸல்ஸில் இருக்கிறது. 1981 முதல் உலகச் சூரியப் புள்ளி எண்ணிக்கையைப் பேணிவருவது பெல்ஜியத்தின் ரோயல் அவதான நிலையம். அதற்கு நாள்தோறும் எண்ணி அனுப்புபவர்களில் பெரும்பகுதியினர் வானியலைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள். பெரும்பாலும் சிறிய தொலைநோக்கிதான். கண்ணால் பார்த்து, கையால் எண்ணி. பழைய நூற்றாண்டுகளின் எண்ணிக்கையோடு இன்றையதை ஒப்பிட வேண்டுமென்றால் அதே எளிய முறையில் எண்ணுபவர்கள் தொடர்ந்து இருக்கவேண்டும். விண்கலத்தால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

கண்டி மாவட்டத்துப் பாடசாலைகளில் விஞ்ஞான மன்றங்கள் இருக்கின்றன. சிலவற்றில் அலமாரிக்குள் ஒரு தொலைநோக்கியும் இருக்கும். அதன் வாய்க்கு ஒரு சூரிய வடிகட்டித் தாள், அருகில் நின்று பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் ஒருவர், ஒரு கொப்பி ஆகியவை போதும். காலை எட்டு மணிக்கு, முதல் பாடவேளைக்கு முன், புல்தரையில் நிறுத்தி, புள்ளிகளை எண்ணித் திகதியோடு எழுதிவைக்கலாம். 2031 மே 21 அன்று கங்கண கிரகணம் ஒன்று தென்னிந்தியாவையும் இலங்கையையும் கடந்து போகவிருக்கிறது. இன்று கீழ் வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் அன்று மேல் வகுப்புகளில் இருப்பார்கள். அவர்களிடம் அதற்குள் பல ஆண்டுச் சூரியக் குறிப்பேடு இருக்க வேண்டுமானால், இந்தத் தவணையிலேயே தொடங்க வேண்டும்.